ஆயுத பூஜையன்று ஓடாத பிக்கப்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பேசியபோது, மெஸ் சாப்பாடு, அறையில் கூட இருக்கும் பெண்ணின் குறட்டை, கம்பெனி பஸ் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன் ஒன்றைச் சொன்னாய். எஞ்சின் சோதனை அறையில் பதினோரு ஆண்கள் நின்றிருந்தார்கள். பெண் என்று நீ ஒருத்திதான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தத்தில் ஏதோ ஒன்று உனக்குச் சரியாகப் படவில்லை. சொல்ல வாயெடுத்தாய். முன்னால் நின்றவர் திரும்பி, "என்னம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டாய். இதை நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்து, "சாப்டியா?" என்று இரண்டாம் முறை கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் நைனா, "இன்னா, பொண்ணு ஞாபகமா?" என்றார். அவருக்கும் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னேன்.

அந்தச் சொல் என்னுடையது, பாப்பா. உன் நெற்றியும் நடையும் பிடிவாதமும் நைனாவிடமிருந்து வந்தவை. இந்த "ஒண்ணுமில்ல" மட்டும் என்னிடமிருந்து வந்தது. அதை உன்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் எனக்கு நலம் விசாரிக்க வரும், அதற்கு மேல் பேச வராது. எழுத வரும். ஊரே படிக்கிற மாதிரி ஒரு பத்திரிகைக்கு ஏன் அனுப்பினாய் என்று நீ கோபப்படலாம். நம் பேர் எதையும் போடவில்லை. மெக்கானிக் பாயைக் கூட பாய் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றது பத்துப் பேர் முன்னால். அதை ஒப்புக்கொள்வதும் பத்துப் பேர் முன்னால் இருக்கட்டும் என்று தோன்றியது.

நம் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க வீட்டுல மொதல் பட்டதாரி" என்று நைனா என்னைக் காட்டிச் சொல்வதை நீ கேட்டிருக்கிறாய். கல் உடைத்து எங்களை வளர்த்த என் அப்பாவின் ஐந்து பிள்ளைகளில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் மட்டும்தான். பி.எஸ்சி. இயற்பியல். மூன்று வருடமும் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம். சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னபோது, பேச்சுக்கு நடுவே "இன்னாத்துக்குன்னா" என்று வந்துவிட்டது. முன் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பதில் சரியான பதில்தான். ஆனாலும் அன்றிலிருந்து தெரிந்த பதிலையெல்லாம் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். வேறு யாராவது அதையே சொல்லி ஆசிரியர் தலையாட்டினால், என் பென்சில் எழுத்தின் மேல் நானே ஒரு டிக் போட்டுக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது. பட்டம் வாங்கினேன், கல்யாணம் ஆயிற்று, நீ பிறந்தாய், ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. மற்றவர்கள் சொல்வதைப் பிழையில்லாமல் அடித்துத் தருகிற வேலை. எனக்கென்றே யாரோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

நம் பிக்கப்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது எந்த மாதிரி வண்டி என்று தெரிய வேண்டும். புதுச்சேரியில் ஒருவர் மணலிலும் மேட்டிலும் பந்தயம் விடுவதற்காக வாங்கி, ஆசை தீர்ந்ததும் விற்றது. நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும், பெரிய டர்போ எஞ்சின். நைனாவும் பெரியப்பாவும் சேர்ந்து இருவர் பேரிலும் வாங்கினார்கள். அனந்தபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கும் மல்லி சென்னை மார்க்கெட்டுக்குக் கூட்டம் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு வேகம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். உண்மையான காரணம், அந்த வண்டி மேட்டில் ஏறும்போது சீட்டு முதுகைப் பிடித்துத் தள்ளும் என்பதுதான். பஜாரில் எல்லோரும், "பூ கூடைக்கு எதுக்குடா புலி வண்டி?" என்று கேலி செய்வார்கள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "புலியும் பூ தூக்கும்டா" என்பார். உனக்கு ஐந்து வயது இருக்கும்போது முன் சீட்டில் எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் வேகம் எடுக்கையில் டர்போவிலிருந்து வரும் மெல்லிய ஊதலுக்காகக் காத்திருப்பாய். வந்ததும், "நைனா, விசிலு" என்பாய். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வாய்.

உன் பத்தாவது வயதில், கார்த்திகை அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டுக் காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் தொட்டியில் பெரியப்பா வீட்டாரும் தெருக்காரர்களுமாகப் பத்துப் பேர். விடிய விடிய மழை பெய்திருந்தது. வழியில் தரைப்பாலத்தின் மேல் ஏரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. நைனாவுக்கு அவர் வண்டியின் மேல் இருந்த நம்பிக்கை உனக்குத் தெரியும். இறக்கினார். பாதி தூரத்தில் பானெட்டுக்கு மேல் தண்ணீர் அலையடித்தது, எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது. எல்லோரும் இறங்கித் தள்ளிக் கரையேற்றினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஈரம், எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது.

"செல்ஃப் அட்சிப் பாருப்பா, பட்டுனு புடிச்சிக்கும்."

"சூட்டோட சூடா ஸ்டார்ட் பண்ணிடணும். ஆற வுட்டா போச்சி."

நான் ஓரமாக உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு அந்த நேரத்தில் என் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் அப்படியே கண்ணில் தெரிந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்கும். காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் போயிருக்கும்போது அதை அமுக்கப் பார்த்தால், அமுக்குகிற இரும்புதான் வளையும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நைனா சாவியில் கை வைத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று சுற்றிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "தண்ணி உள்ள போயிருந்தா ஸ்டார்ட் பண்ணக் கூடாதே" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். நீ நிமிர்ந்து, "இன்னாம்மா?" என்றாய். "ஒண்ணுமில்ல" என்றேன். வண்டிக்குள்ளிருந்து "டங்" என்று ஒரு சத்தம் வந்தது. கோயில் மணியை ஒரு முறை மட்டும் அடித்து நிறுத்தியது போல. "இன்னொரு வாட்டி" என்றார் ஒருவர். நைனா இன்னொரு வாட்டியும் அடித்தார்.

செஞ்சியில் ஒரு மெக்கானிக் தண்ணீரை வெளியேற்றி ஓட வைத்துப் பார்த்தார். ஓடியது, ஆனால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தமும் வெள்ளைப் புகையுமாக. எஞ்சினைப் பிரித்தால்தான் ஆகும், சாமான் எங்கிருந்து வரும் என்றே தெரியாது என்றார். அண்ணன் தம்பிக்குள் யார் ஓட்டச் சொன்னது என்று பேச்சு வளர்ந்து, வண்டியைப் பெரியப்பா வீட்டுப் பின்பக்கச் சுவரோரம் நிறுத்தினார்கள். வேறு வாடகை வண்டியில் பூ போயிற்று. அதோடு முடிந்திருந்தால் பாதிச் சேதம்தான். ஆனால் ஆயுத பூஜை வந்தது. நின்றுபோன வண்டியானாலும் வண்டி வண்டிதானே. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "பூஜையன்னிக்கு வண்டி பேசணும். பேசாம நின்னா வூட்டுக்கு ஆவாது" என்றார் பெரியப்பா. டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினார்கள். அது தட்டிக்கொண்டும் புகைந்துகொண்டும் இரண்டு நிமிடம் பேசியது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும்.

மூன்றாவது வருடம் வண்டியைத் துடைக்கப் போனபோது, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய். அதை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டுவது, கண்ணில் மண்ணைப் போட்டுக் கசக்குவது மாதிரி. குச்சியைத் துடைத்து இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு, பொரி கடலை கலக்கப் போய்விட்டேன். ஏழாவது பூஜையில் "கடக்" என்று ஒரு சத்தத்தோடு எஞ்சின் இறுகிப்போனது. "அதுக்கும் வயசாயிடுச்சி" என்றார் நைனா. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அது பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு ஊமையாக நின்றது. பாப்பா, அதை வெள்ளம் கொன்றது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள்தான் வருடத்துக்கு ஒரு முறை, கும்பிட்டுக் கும்பிட்டுக் கொன்றோம். நான் அதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ படிப்பை முடித்து, ஓசூர் வேலைக்கு உத்தரவு வந்து, சேருவதற்கு ஐந்து மாதம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தாய். வந்த மூன்றாம் நாளே பெரியப்பாவிடம் போய் நின்றாய். அவர் அந்த இடத்தில் கொட்டகை போடப் போவதாகவும், பழைய இரும்பு எடுப்பவனுக்குச் சொல்லியாயிற்று என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிப்பா, நான் அத ஓட வைக்கிறேன்" என்றாய். அவர் உன்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரம் நான்கும் மண்ணில் புதைந்திருந்தன, பானெட்டுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. "ஆயுத பூஜைக்கு ஓடணும். ஓடலன்னா மறுநாளு ஆள் வந்து எடைக்கு எடுத்துக்கினு போவான். அப்புறம் அழக் கூடாது" என்றார். "சரி பெரிப்பா" என்றாய். உன்னிடம் இருந்தது நான்கு மாதம், கடனாக வாங்கிய கருவிகள், எஞ்சினைத் தூக்கி இறக்க திருவண்ணாமலை ரோட்டுப் பாயின் செயின் பிளாக். பாய் முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, "இஞ்சினீரம்மா, இதுல அணிலத் தவிர எதுவும் உயிரோட இல்ல" என்றார். "அணில நான் தொடல பாய். மத்தத மட்டும் பாக்கலாம்" என்று நீ சொன்னது இன்னும் அவர் பட்டறையில் நகைச்சுவையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நான்கு மாதமும் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாதங்கள். இதை உன்னிடம் சொன்னதில்லை. அலுவலகம் விட்டு வந்ததும் முந்தானையைச் சொருகிக்கொண்டு உன் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். நீ கழற்றுவாய், நான் எழுதுவேன். எந்த போல்ட் எந்த இடம், எத்தனையாவது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று. மூன்று வருடம் செய்முறை நோட்டு எழுதிய கை அது. சின்ன சாமான்களைக் கலக்காமல் வைக்க இடமில்லாதபோது பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். குழிக்கு ஒன்றாக வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பணியாரம் கேட்டார். "அதுல வால்வு பூட்டு இருக்குது நைனா" என்றாய். "எப்ப வெந்து எறங்கும்?" என்றார் அவர். அன்றைக்குத்தான் அவரும் வந்து முதல்முறையாக ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

எஞ்சினைப் பிரித்து முடித்த நாளில் பிஸ்டன்களைத் தாங்கும் நான்கு கனெக்டிங் ராடுகளையும் கழுவி, பழைய பேப்பர் விரித்து வரிசையாக வைத்தாய். மூன்றாவது மட்டும் ஒரு நகக்கனம் குட்டையாக, லேசாக இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் போல இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிராங்க் சுற்றுகிற பேரிங் ஓடுகளை வைத்தாய். வெள்ளையாக மினுங்க வேண்டியவை செம்பு தெரியத் தேய்ந்து கீறியிருந்தன. நைனாவும் நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ராடைத் தொட்டு, "இது தண்ணி செஞ்சது" என்றாய். ஓடுகளைத் தொட்டு, "இது நாம செஞ்சது" என்றாய். குற்றம் சொல்கிற குரலே இல்லை அதில். நான்தான் கேட்டேன், ராடு தண்ணீருக்குள் நின்றபோதே வளைந்ததா, கரையில் செல்ஃப் அடித்தபோது வளைந்ததா என்று. "ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம்மா. இப்ப சொல்ல முடியாது. ஏன் கேக்கற?" என்றாய். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் உழைப்பு. கிராங்கைக் கடைசலுக்கு அனுப்பினாய், அதே மாதிரி வண்டி ஒன்று எங்கேயோ விபத்தில் நொறுங்கிக் கிடக்கிறது என்று விசாரித்து, அதிலிருந்து ராடு வாங்கி வந்தாய், மல்லாட்டை மூட்டைக்கு நடுவே வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாய். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எஞ்சின் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. பூஜையன்று காலை வண்டி மினுங்கியது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய பூசணிக்காய் ஒன்றைத் திருஷ்டி கழிக்கத் தயாராக வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சூடம் காட்டியாயிற்று. நைனா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம்.

நீ டீசலைத் திறந்துவிடும் வால்வின் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் சுற்றட்டும் என்று செல்ஃபை மட்டும் அடிக்கச் சொன்னாய். எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்காக ஒரு சின்ன கேஜ் மாட்டி வைத்திருந்தாய். நைனா அடித்தார். கேஜின் முள் அசையவில்லை. இன்னொரு முறை. அசையவில்லை. நீ குனிந்து எதையோ பார்த்தாய், நிமிர்ந்தாய். உன் மேலுதடு வியர்த்திருந்தது.

"இன்னைக்கு ஸ்டார்ட் பண்ண வேணாம் நைனா" என்றாய்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சூடம் காட்டினப்புறம் வேணாம்ங்கறியா? எண்ண அப்புறம் தானா ஏறிக்கும்" என்றார் பெரியப்பா.

"புது இஞ்சின் அப்படித்தாம்மா காட்டும்" என்றார் பாய். "ஸ்டார்ட் ஆயி நாலு சுத்து சுத்துனா முள்ளு வந்துடும். நான் எத்தினியோ பாத்துருக்கேன்."

"வராமப் போச்சின்னா பாய்?" என்றாய். "எண்ண இல்லாம சுத்துனா புதுசா போட்டதெல்லாம் போயிடும். முள்ளு ஏறாம நான் ஸ்டார்ட் பண்ண வுட மாட்டேன்."

"அப்பிடின்னா பேசுன பேச்சு இருக்குது. நாளைக்கு ஆள் வருவான்" என்றார் பெரியப்பா.

ஆனாலும் நீ ஒயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாய். நான்கு மாத வேலையும் வண்டியும் ஒரு சாவித் திருப்பலில் இருந்தன. திருப்பினால் ஒருவேளை ஓடியிருக்கும். பெரியப்பாவும் வாயடைத்துப் போயிருப்பார். உன்னை விட இரண்டு மடங்கு வயதுள்ள மெக்கானிக்கே ஓட்டலாம் என்கிறார். அங்கே உன் பக்கம் யாருமே இல்லை. நைனா சாவியில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தரைப்பாலத்தில் பார்த்த அதே பார்வை. "ஒரே ஒரு வாட்டி பாக்கலாமாடா?" என்றார் உன்னிடம், கெஞ்சுகிற மாதிரி.

"வேணாங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நைனா, "இன்னா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பத்து வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்த அதே முகம். நான் பேசியது கோவையாக இருந்ததா என்று தெரியவில்லை. ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன். "அன்னிக்கு தரப்பாலத்துலயும் எனக்குத் தெரியும். தண்ணி உள்ள போயிருந்தா செல்ஃப் அடிக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். சொல்லல. பூஜைக்குப் பூஜை ஸ்டார்ட் பண்ணப்பவும் தெரியும். எண்ண கெட்டுப்போனத என் கண்ணால பாத்தேன். சொல்லல. இவ சொல்றா. இவ சொல்றத கேளுங்க."

நைனா சீட்டிலிருந்தபடியே என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சிக்கினேவா நின்னுக்கினு இருந்த?" என்றார்.

"ஆமா."

"சொல்றதுக்கு இன்னா?"

"அத்தினி பேரு இருந்தாங்க" என்றேன். அதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அவர் சாவியை உருவி எடுத்து, கீழே இறங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியப்பா பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே, "அப்ப இத இன்னா பண்றது?" என்றார், நிஜமாகவே குழம்பிப்போய்.

"பூசணிக்கா மூணு மாசம் ஆனாலும் கெடாது பெரிப்பா" என்றாய். "எனக்கு ஒரு வாரம் குடுங்க, போதும்."

முதலில் சிரித்தது பாய். பிறகு தெருவே சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் பூசணிக்காயை உடைக்காமல் வண்டியின் தொட்டியில் வைத்துவிட்டு, "ஒரு வாரம். எண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாய். பம்பு எண்ணெய் உறிஞ்சும் குழாயின் மூட்டில், மெட்டி அளவு ரப்பர் வளையம் ஒன்று மடங்கி அறுந்திருந்தது. எண்ணெய்க்குப் பதில் பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அப்படியே ஓடவிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் மறுபடி செம்பு தெரியத் தேய்ந்திருக்கும். பாயும் பெரியப்பாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன் நீயே சொன்னாய்: "இத மாட்டினது நான்தான். அவசரத்துல மடங்கினத பாக்கல. என் தப்பு." அதைச் சொன்ன விதத்தில் கூச்சமோ வீம்போ இல்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாய். உன் பட்டமளிப்பு விழாவில் கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. பாய் அந்த அறுந்த வளையத்தைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என் கடையில இருக்கட்டும்மா. இனிமே முள்ளு வரலன்னு எவனாவது சொன்னா, நான் இத எடுத்துப் பாத்துக்கறேன்" என்றார்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு முள் ஏறியது. நான் அரை நாள் விடுப்பு போட்டிருந்தேன். நைனா, "ராகு காலம் போவட்டுமே" என்றார். "முள்ளு ஏறிடுச்சி நைனா, அதுதான் நல்ல நேரம்" என்று ஒயரை மாட்டினாய். வாழைக்கன்று இல்லை, சூடம் இல்லை, கூட்டமும் இல்லை. எஞ்சின் ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. தட்டுகிற சத்தம் இல்லை, புகை ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டது. சூடாகும்வரை வைத்திருந்துவிட்டு நைனா மெதுவாக மிதித்தார். அந்த ஊதல் வந்தது. நீ வாயைத் திறக்கும் முன், "பாப்பா, விசிலு" என்றார் அவர். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தம் கேட்டுப் பெரியப்பா சோற்றுக் கையோடு வந்தார். இடது கையாலேயே பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைத்தார்.

நீ அங்கே போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு பேரும் உன்னை விட அதிகம் தெரிந்தவர்களாகவே இருக்கலாம். பாய்க்கும் உன்னை விட அதிகம்தான் தெரியும். ஆனால் அந்த முள்ளை அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. நாளைக்கு ஒரு சத்தம் உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் சொல்லிவிடு. நீ சொன்னது தப்பாக இருந்தால், ரப்பர் வளையத்துக்குச் சொன்னாயே, அதே மாதிரி, என் தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார். சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். இரண்டு பேர், அரை நிமிடம். அதற்காக நான் இருபது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது ரொம்ப அதிகம். போன வாரம் விட்டதைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த எஞ்சின் அங்கேயேதான் இருக்கும். காலையில் போனதும், "சார், அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தேன்" என்று ஆரம்பி. எனக்கு அப்படி ஆரம்பிக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. உனக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது.

இங்கே வண்டி நன்றாக ஓடுகிறது. நைனா அதில் மறுபடி பூ ஏற்றுகிறார். அணில் பக்கத்துச் சுவருக்குக் குடிமாறிவிட்டது. ஒரே ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது, அதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நைனா சாவியைப் போட்டுவிட்டு உடனே திருப்புவதில்லை. கண்ணாடியை இறக்கி, வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து, "பண்ணலாமா?" என்று கேட்கிறார். முதலில் கேலிக்குக் கேட்டார். இப்போது கேலி இல்லை. நான் போய் பானெட்டைத் திறந்து, குச்சியை இழுத்து, எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்கிறேன். "பண்ணுங்க" என்கிறேன். நேற்று மட்டும் எண்ணெய் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தெருவில் பூ ஏற்றுகிறவர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள், நேரம் ஆகிக்கொண்டிருந்தது. "இருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

உன் அம்மா